விம்பர்லிகஞ்சில் இரண்டு டயர், ஐந்து மணிக்கு ஒரு கால் சுற்று

அந்தமான் போகிறவர்கள் எனக்கு எழுதிக் கேட்பது கடற்கரை, பவளப்பாறை, ஜெயில், இவ்வளவுதான். போன வாரம் ஒருவர் மட்டும் வித்தியாசமாகக் கேட்டிருந்தார். தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் ஏற்றிப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகிறாராம், அங்கே டயர் கிடைக்குமா என்று. ஐயா, சரியான ஆளிடம் வந்து மாட்டினீர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதம், அந்த டயருக்காக நாய் படாத பாடு பட்டவன் நான். கதை கொஞ்சம் வேறு மாதிரிப் போகும். நம்பினால் நம்புங்கள்.

அப்போது நான் போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். வீடு கராச்சர்மாவில். மெயின்லேண்டுக்கே திரும்பிப் போன ஒரு தென்னந்தோப்புக்காரர் தன் காரை என் தலையில் கட்டிவிட்டுக் கப்பல் ஏறினார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் இங்கிலீஷ் கார், திறந்த மேல்பக்கம், சைக்கிள் மாதிரி கம்பி வைத்த ஒல்லிச் சக்கரங்கள். என் மனைவி கோமதி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மழை வந்தா குடை பிடிச்சுக்கிட்டுப் போற காரா? அதுக்கு நடந்தே போயிரலாமே" என்றாள். திருநெல்வேலிக்காரி, வாய் சும்மா இருக்காது.

அவள் அப்போது நிறைமாதம். முதல் குழந்தையை நாங்கள் கராச்சர்மாவிலேயே இழந்திருந்தோம். கடைசி பஸ் போய்விட்டிருந்தது, வேறு வண்டி கிடைக்கவில்லை. ஏழு கிலோமீட்டரில் ஆஸ்பத்திரி இருந்தும் விடியும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் அந்தக் காரை வாங்கினேன். அதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை, பந்தாவுக்கு வாங்கினதாகவே காட்டிக்கொண்டேன். இப்போது பின்சக்கரம் இரண்டிலும் ரப்பர் தேய்ந்து உள்ளே துணி தெரிந்தது. டாக்டர் இன்னும் மூன்று வாரம் என்று சொல்லியிருந்தார். அதற்குள் மழையும் தொடங்கிவிடும்.

முதலில் அபர்தீன் பஜார். கராச்சர்மாவிலிருந்து பஸ் கட்டணம் இருபது பைசா, அரை மணி நேரம். ஜீப் டயர் இருந்தது, லாரி டயர் இருந்தது. எனக்கு வேண்டியது நாலரைக்குப் பத்தொன்பது, அதாவது அகலம் நாலரை அங்குலம், ரிம் பத்தொன்பது அங்குலம். கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மெட்ராஸுக்குத் தந்தி கொடுத்தேன். அடுத்த கப்பலில் இடம் கிடைத்தால் அனுப்புகிறோம், ஒரு மாதம் ஆகும் என்று பதில் வந்தது. கடைசியாகப் பஞ்சர் கடை வர்கீஸிடம் போய் நின்றேன். மலையாளி, நல்ல மனுஷன்.

"பத்தொன்பது இஞ்சு வண்டி இன்னொண்ணு உண்டு சாரே. விம்பர்லிகஞ்ச் பக்கம், தங்கம்மான்னு ஒரு லோக்கல் லேடி. ஜப்பான் டைமிலேர்ந்து கட்டை மேல நிக்குது. நான் டயர் வாங்க ஒரு தடவை போயிட்டு, வேண்டாம்னு வந்துட்டேன்."

"ஏன், வெடிச்சுப்போச்சா?"

"இல்ல சாரே. நல்ல டயர். முப்பது வருஷம் ஆயிட்டும் நல்ல டயர். அதான் வேண்டாம்னு வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த ஞாயிறு காலை ஏழரைக்கு, இரண்டு லீவர் கம்பியும் ஒரு சுத்தியலும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சாத்தம் ஜெட்டியிலிருந்து பாம்பூ ஃப்ளாட்டுக்குப் படகு, இருபது நிமிடம், கால் ரூபாய். அங்கிருந்து விம்பர்லிகஞ்சுக்குக் கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர், ஒரு மர லாரி டிரைவர் ஏற்றிக்கொண்டார். இறக்கிவிட்ட இடத்திலிருந்து காட்டோரமாக இரண்டு கிலோமீட்டர் நடை. செருப்புப் போட்டுப் போகாதீர்கள், அட்டை ஏறும். அரை மணி நேரத்தில் நான்கு அட்டைகளைப் பிய்த்துப் போட்டேன்.

தங்கம்மா அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கைதிகள் காலத்தில் வந்த தமிழ்க் குடும்பம், மெயின்லேண்டைக் கண்ணால் பார்த்ததில்லை, பேச்சில் ஹிந்தி கலந்துகிடந்தது. விஷயத்தைச் சொன்னேன். கோமதியைப் பற்றிச் சொன்னதும் முதல் குழந்தை வரை எல்லாம் கொட்டிவிட்டேன். எதற்கு முன்பின் தெரியாத ஒருவரிடம் அதையெல்லாம் சொன்னேனோ, தெரியவில்லை.

"காடி உள்ள இருக்கு. வா தம்பி" என்று அக்கா கார் ஷெட் சாவியை எடுத்தார்.

வீட்டுக்குப் பின்னால் பலகை ஷெட். உச்சிப்பொழுது, வெளியே சில்வண்டுகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. ஷெட்டுக்குள் கால் வைத்ததும் சத்தம் நின்றது. சட்டென்று நின்றது, ரேடியோவை அணைத்த மாதிரி. கார் நான்கு படாக் மரக்கட்டைகள் மேல் நின்றது, சக்கரங்கள் தரைக்கு ஒரு சாண் மேலே. யுத்தத்துக்கு முந்தைய வண்டி. அவர் வீட்டுக்காரர் ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு டிரைவராக இருந்தவராம். யுத்தத்தில் ஜப்பான் படை தீவைப் பிடித்து அதிகாரி ஓடிப்போனதும், ஜப்பான்காரர்கள் கண்ணில் படாமல் இங்கே கொண்டுவந்து ஒளித்து வைத்தாராம். பிறகு ஒரு நாள் அவரை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். திரும்பி வரவில்லை.

பழைய டயரை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். நகத்தின் தடம் விழுந்து உடனே மறைந்தால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது. பள்ளங்களை விரித்துப் பாருங்கள், தலைமுடி கனத்துக்கு வெடிப்பு இருந்தாலும் விட்டுவிடுங்கள். ரிம்மோடு சேரும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அப்படிப் பார்த்ததில் முன் டயர் இரண்டும் பரவாயில்லை. பின் டயர் இரண்டும் நேற்றுக் கடையில் வாங்கினது போல் இருந்தன. நகத்தடம் நொடியில் மறைந்தது. அதோடு இன்னொன்று. ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. பத்து மைல் ஓடி வந்து நிற்கிற வண்டியின் டயர் எப்படி இருக்குமோ, அப்படி. சித்திரை வெயிலில் ஊரே தூசியாகக் கிடக்கும்போது, பள்ளங்களில் ஈர மண்.

நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை, எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிப்பவன். தகரக் கூரையின் சூடு என்று நினைத்தேன். மண்ணுக்குக் கூரை ஒழுகல் என்று நினைத்தேன். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் வெள்ளைப் பெயின்ட்டில் நான்கு கோடுகள் இருந்தன, கடிகாரத்தில் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது இருக்கும் இடங்களில். அதைப் பார்த்ததும் முழுக்கப் புரிந்துவிட்டது போல் இருந்தது. நிறுத்தி வைத்த காரின் சக்கரங்களை அவ்வப்போது கால் சுற்றுத் திருப்பி வைப்பது கார்க்காரர்கள் வழக்கம், ரப்பர் ஒரே பக்கம் காய்ந்துபோகாது. "தினமும் திருப்பி வைக்கிறீங்க போல. மெக்கானிக் தோத்தான் போங்க" என்றேன். அக்கா ஷெட் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

பின் டயர் இரண்டையும் கழற்ற இரண்டு மணி நேரம் ஆயிற்று. பணம் வேண்டாம் என்றார். "குழந்தை பொறந்து, உன் மெட்ராஸ் டயர் ஜஹாஜ்ல வந்ததும் கொண்டாந்து குடு, அது போதும்." மூன்றரைக்கே என்னைக் கிளப்பினார். டீ குடிக்கிறேன் என்றதற்கு, "அஞ்சு மணிக்கு இங்க யாரும் இருக்கறதில்ல தம்பி. போ" என்று கதவைப் பூட்டினார். தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு நடந்தேன். படகில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

டயரை மாட்டி, காரை வீட்டுக்குப் பின்னாலிருந்த கீற்றுக் கொட்டகையில் நிறுத்தினேன், முகம் ரோட்டைப் பார்க்க. டயரைத் தேய்க்கக் கூடாதென்று ஆபீசுக்குப் பஸ்ஸிலேயே போனேன். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கோமதி, "அஞ்சு மணிக்கு வந்து வண்டிகிட்ட என்ன செஞ்சுட்டு மறுபடி போனீங்க?" என்றாள். நான் ஐந்தேகால் வரை ஆபீசில் இருந்தேன். போய்ப் பார்த்தால் கார் ஒன்றேமுக்கால் அடி முன்னால் நின்றது. ஸ்கேல் வைத்து அளந்தேன், தொழில் புத்தி. அந்தச் சக்கரத்தின் கால் சுற்று அதே ஒன்றேமுக்கால் அடி. ஹேண்ட்பிரேக் போட்டபடி இருந்தது. முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை வண்டி தள்ளிக்கொண்டு வந்திருந்தால்கூட ஒப்புக்கொள்வேன், கல் வைத்த இடத்திலேயே இருந்தது. இப்போது அது சக்கரத்துக்குப் பின்னால்.

காரைப் பின்னால் தள்ளி நிறுத்தினேன். மறுநாளும் அதே கதை. டயரைக் கழற்றி எறிந்துவிடுகிறேன் என்று லீவரை எடுத்தேன். கோமதிதான் தடுத்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். "விடுங்க. நம்மள ஒண்ணும் செய்யல. ரோட்டுக்குத்தான் போகுது. போகட்டும்."

கொட்டகையிலிருந்து தார் ரோடு பதினான்கு அடி. எட்டு நாள். எட்டாவது நாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். மதியமே வானம் பிளந்துகொண்டு மழை, கொட்டகைத் தரை களிச்சேறாகிவிட்டது. முந்தின மழைக்காலத்தில் அதே சேற்றில் கார் புதைந்து நான்கு பேர் வந்து தூக்கினார்கள். இருவரும் ஜன்னலருகில் நின்று பார்த்தோம். கடிகாரம் ஐந்து அடித்தது. கார் அசைந்தது. உருளவில்லை, யாரோ ஓர் ஆள் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளுவது போல் திக்கித் திக்கி நகர்ந்தது. பின்சக்கரம் இரண்டும் தார் ரோட்டில் ஏறி நின்றன. கோமதி என் கையைப் பிடித்தாள். பயத்தில் என்று நினைத்தேன். வலி எடுத்துவிட்டது.

ஏழு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். மழையில் எதுவும் தெரியவில்லை, கோமதி நிஜமாகவே குடை பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு திருப்பத்திலும் டயர் வழுக்கவில்லை. ஆறு இருபதுக்குப் பெண் குழந்தை. வீல் என்று அழுதது. நான் வராந்தாவில் உட்கார்ந்து அதைவிடச் சத்தமாக அழுதேன்.

பயணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய கார் கொண்டுபோவதென்றால் உதிரி டயரைக் கையோடு கொண்டுபோங்கள், தீவில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். வைகாசி மழைக்கு முன் போய் வந்துவிடுங்கள். காட்டோரம் போனால் பொடி உப்பு ஒரு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள், அட்டைக்கு அதுதான் மருந்து. வேலை முடிந்தால் இரவல் வாங்கின பொருளை நீங்களே நேரில் போய்த் திருப்பிக் கொடுங்கள், யார் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

நானும் அப்படித்தான் போனேன். மெட்ராஸ் டயர் வந்ததும், இரண்டையும் சுமந்துகொண்டு, அதே படகு, அதே கால் ரூபாய். குழந்தை பிறந்ததைக் கேட்டதும் அக்கா என் தலையில் கை வைத்தார்.

"எல்லாம் நீங்க தினமும் திருப்பி வெச்சதால அக்கா. இல்லேன்னா முப்பது வருஷத்துல ரப்பர் கல்லாயிருக்கும்."

"நானா? நான் அந்தச் சக்கரத்த ஒரு நாளும் தொட்டதில்ல தம்பி. அந்தக் கோடெல்லாம் என் வீட்டுக்காரர் போட்டது."

அவரே சொன்னார். வீட்டுக்காரரைக் கூட்டிப்போன அன்று அக்காவுக்குப் பிரசவ வலி. சாயங்காலம் ஐந்து மணி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீட்டுக்காரர் ஒளித்து வைத்த காரை எடுக்க ஷெட்டுக்குப் போனார். கட்டையிலிருந்து இறக்கி, கையால் தள்ளினார். சக்கரம் கால் சுற்றுத் திரும்பியதும் சிப்பாய்கள் வந்துவிட்டார்கள். "அவரும் போனாரு, குழந்தையும் போச்சு. அப்புறம் நான்தான் ஆள் வெச்சு மறுபடி கட்டை மேல ஏத்தினேன். மறுநாளே ஆரம்பிச்சுது. தினம் அஞ்சு மணிக்கு, கால் சுத்து. நான் வெளிய நின்னு கேப்பேன்."

"அப்புறம் ஏன் எனக்குக் குடுத்தீங்க?"

"உன் வீட்டுக்காரிக்கு வலி வரப்போவுதுன்னியே." டயர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உதர், உன் வீட்டுல, நகர்ந்துச்சா?"

"தினமும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த நாள் வரைக்கும். அதுக்கப்புறம் அசையல அக்கா."

"அப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துட்டாரு" என்று அவர் அங்கே கிடந்த ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டார். நான் டயர்களை ரிம்மில் ஏற்றி மாட்டினேன். ரப்பர் சில்லென்று இருந்தது. நகத்தை அழுத்தினேன், தடம் அப்படியே நின்றது. வெளியே சில்வண்டுகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. என்னை அவர் கிளம்பச் சொல்லவில்லை. ஐந்து மணி ஆயிற்று. ஐந்து ஐந்து ஆயிற்று. எதுவும் அசையவில்லை. என்னால்தான் இப்படி ஆயிற்றோ என்று நினைத்தேன்.

ஐந்தேகாலுக்கு அக்கா எழுந்தார். சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, பின்சக்கரத்தைப் பிடித்து, வெள்ளைக் கோடு மேலே வரும்வரை மெதுவாகத் திருப்பினார். பிறகு அடுத்த சக்கரத்துக்குப் போனார்.