அப்பா மாலை போட்ட வருஷம்

அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்த அந்தச் சில மாதங்களைப் போல ஒரு நல்ல காலம் எங்கள் குடும்பத்துக்கு வந்ததே இல்லை என்று நான் வெகுநாள் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கோயமுத்தூரில் கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்த வருஷங்கள் அவை. நாங்கள் பொள்ளாச்சி ரோட்டில், குறிச்சிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா மோட்டார் பம்பு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலில் ராத்திரி ஷிப்டை நிறுத்தினார்கள். பிறகு பாதி ஆட்களை நிறுத்தினார்கள். கடைசியில் ஒருநாள் முதலாளியே கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாராம். எனக்கு அப்பா சொன்னதெல்லாம், "கம்பெனிக்கு லீவு உட்டுட்டாங்க கண்ணு" என்பது மட்டும்தான். நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். லீவு என்ற சொல்லுக்கு எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். துள்ளிக் குதித்தேன்.

பள்ளிக்கூட வேன் நின்றது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனேன். வழியில் ஒவ்வொரு பட்டறையாகக் காட்டி, இதில் என்ன செய்வார்கள், அதில் என்ன செய்வார்கள் என்று கதைபோலச் சொல்லிக்கொண்டு வருவார். கேபிள் கனெக்ஷன் போனது. டிவியின் மேல் அம்மா ஒரு பூப்போட்ட துண்டை விரித்தாள். பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அப்பா என்னை உக்கடத்துக்குக் கூட்டிப்போவார். குளத்துக்கரையில் உட்கார்ந்து நீர்க்காகங்கள் முங்கி எழுவதை வேடிக்கை பார்ப்போம். இருட்டும் சமயத்தில் மார்க்கெட்டுக்குள் போவோம். கடை கட்டும் நேரத்தில் கொஞ்சம் அடிபட்ட தக்காளியும் வளைந்த முருங்கைக்காயும் பாதி விலைக்குக் கிடைக்கும் என்பதற்காகத்தான் அந்த நேரம் என்பதை நான் அறியவில்லை. அப்பாவுக்குக் குளம் பிடிக்கும் என்று நினைத்தேன்.

சமையலிலும் அப்பா புகுந்துவிட்டார். அரிசி ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, பானையை மூடி, பழைய கம்பளியில் சுற்றி மூலையில் வைத்துவிடுவார். சோறு தானாகவே வெந்துவிடும். கேஸ் சிலிண்டர் அதிக நாள் வரும். கம்பளிக்குள்ளிருந்து ஆவி பறக்கப் பானையை அவர் வெளியே எடுப்பது எனக்கு மாயாஜாலம் போல இருக்கும். சோப்புக் கட்டியை நூலால் அறுத்துத் துண்டு போடுவதும், பேஸ்ட் ட்யூபை நீளவாக்கில் வெட்டித் திறந்து உள்ளே இன்னும் ஒரு வாரத்துக்கான பேஸ்ட் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதும் அவர்தான். என் அப்பா ஒரு விஞ்ஞானி என்று வகுப்பில் சொல்லிவைத்திருந்தேன்.

ஒரே ஒரு குறைதான். ஞாயிற்றுக்கிழமைக் கறி நின்றுபோனது. உடம்புச் சூட்டுக்கு ஆகாது என்று சொன்னார்கள். அம்மா கறிக்கு வறுத்து அரைக்கும் அதே மசாலாவை அரைத்து அதில் உருளைக்கிழங்கைப் போடுவாள். வாசனை என்னவோ லைன் முழுக்கக் கறி வாசனையாகத்தான் வீசும். தட்டில்தான் உருளைக்கிழங்கு உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நாளில் அந்த மசாலாவும் நின்று, கொள்ளுப்பருப்பும் ரசமும் என்று ஆனது.

கம்பெனிக்கு லீவு விட்ட விஷயத்தை ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை இருந்தது. குறிப்பாகக் கருமத்தம்பட்டிக்குத் தெரியவே கூடாது. கருமத்தம்பட்டி என்றால் மாமா. அம்மாவின் ஒரே அண்ணன். தறி போட்டிருந்தார். சொந்தத்தில் தோட்டம் காடு உள்ள மாப்பிள்ளைகள் வந்தபோது, கம்பெனி வேலைக்காரரான அப்பாவுக்குத்தான் தங்கையைக் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டு நின்றவர் அவர். அதனாலேயே அவருக்குத் தெரியக் கூடாது என்பதில் அப்பாவைவிட அம்மா உறுதியாக இருந்தாள்.

அந்த மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன்கூடப் பண்ணாமல், வண்டியில் ஒயர் கூடையை மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூடையிலிருந்து செக்கச்செவேலென்று கொண்டையோடு ஒரு சேவல் தலையை நீட்டியது. எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது.

மாமா பெரிய குரல்காரர். வாசலிலிருந்தே எல்லாரையும் விசாரித்துக்கொண்டு வருகிறவர். அன்றைக்கு உள்ளே வந்ததும் அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. துண்டு போர்த்திய டிவியைப் பார்த்தார். அடுப்புப் பக்கம் பார்த்தார். கடைசியாக அப்பாவைப் பார்த்தார். முடி வெட்டும் செலவை மிச்சம் பிடித்ததில் அப்பாவுக்குத் தாடியும் முடியும் காடுபோல வளர்ந்திருந்தன. செருப்பு அறுந்துபோன பிறகு பக்கத்தில் எங்கே போனாலும் வெறுங்காலோடுதான் நடந்தார். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

மாமாதான் பேசினார்.

"ஏனுங்க மாப்ள, தாடியும் வெறுங்காலுமா இருக்கறதப் பார்த்தா பழனிக்கு மாலை போடறதா வேண்டியிருக்கறாப்பல தெரியுது?"

அப்பா தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "ஆமாங்க மச்சான்" என்றார்.

"அடடா, இது தெரியாம நான் சேவலப் புடிச்சுக்கிட்டு வந்துபோட்டனே! விரத ஊட்டுல இத வெச்சிருக்கக் கூடாதுங்க."

அவ்வளவுதான். அம்மா போட்டுக் கொடுத்த பாலில்லாத வரக்காப்பியை, விரத வீட்டுக் காப்பி என்று ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, சேவலை வந்த கூடையிலேயே திருப்பிக் கொண்டுபோய்விட்டார். வண்டி திரும்பும்போது அது ஒருமுறை கூவியது. நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். எந்தக் கூறும் இல்லாத மாமா வாய்த்திருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் அப்பா ஒரு துளசிமணி மாலை வாங்கிவந்தார். அம்மா தயங்கினாள். சும்மா சொன்னதாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றாள். அப்பா கேட்கவில்லை.

"சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லிப்போட்டோம். இனி அதை நெசமாக்கிப்போடோணும். வேற வழியில்ல."

குளித்துவிட்டு, பக்கத்துக் கோயிலுக்குப் போய் மாலையைப் போட்டுக்கொண்டு வந்தார். மறுநாளிலிருந்து விடிகாலைக் குளியலும் பூஜையுமாக, உண்மையான விரதம் எங்கள் வீட்டில் நடந்தது.

அடுத்த ஞாயிறு மாமா மறுபடியும் வந்தார். இந்த முறை அரிசி மூட்டை, துவரம்பருப்பு, கத்திரிக்காய், ஒரு டின் எண்ணெய். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. இதெல்லாம் எதுக்குங்க மச்சான், நாங்கள் என்ன இல்லாமலா இருக்கிறோம் என்று மூட்டையைத் திருப்பி வண்டியில் ஏற்றப் போனார். மாமா வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"இருங்க மாப்ள. உங்களுக்கு யாரு குடுத்தா? மாலை போட்ட ஊட்டுக்கு அரிசி பருப்பு குடுத்தா தறி நிக்காம ஓடும்னு சொல்றாங்க. நான் முருகனுக்குக் குடுக்கறனுங்க. வேண்டாம்னா அவரு வந்து சொல்லட்டும்."

முருகன் வந்து சொல்லவில்லை. அப்பா மூட்டையை மெதுவாகத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பிறகு மாமா வராத வாரமே இல்லை. புண்ணியத்தின் மேல் இவ்வளவு பேராசை பிடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஒருதடவை எனக்குப் புதுச் செருப்பு வாங்கிவந்தார். அதுவும் முருகனுக்குத்தானாம். முருகனுக்கு எப்படி என் கால் அளவு சரியாக இருக்கும் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோவது என்று முடிவானது. மாமாவும் தறியை ஆள் பொறுப்பில் விட்டுவிட்டுப் பச்சை வேட்டியோடு வந்து சேர்ந்துகொண்டார். நான் அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். என்னை விட்டுவிட்டு இருக்க முடியாது என்று அம்மாவும் கிளம்பினாள். திரும்பி வரும்வரை அடுப்பு எரியாது, விளக்கு எரியாது, வழியெல்லாம் அன்னதானம் என்று அப்பா அம்மாவிடம் மெல்லச் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும் அதே பொள்ளாச்சி ரோடுதான். ஆனால் விடிவதற்கு முன்பே, காவடிகளுக்கும் அரோகரா சத்தத்துக்கும் நடுவில் அதில் நடந்தபோது வேறு ஏதோ ஊருக்கு வந்துவிட்டது போல இருந்தது. கிணத்துக்கடவில் குன்றின் மேல் கோயில் விளக்கு தெரிந்தது. பொள்ளாச்சி தாண்டித் தென்னந்தோப்புகள். உடுமலைப் பக்கம் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கால் வலித்தால் அப்பா தோளில் ஏற்றிக்கொள்வார். பந்தலுக்குப் பந்தல் பானகம், மோர், சுண்டல், தக்காளிச் சாதம். வீட்டில் எப்போதும் தனக்குப் பசியில்லை என்று பாதியில் எழுந்துவிடும் அப்பா, வழியில் நன்றாகச் சாப்பிட்டார். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து, கைநிறைய வாங்கி வாங்கி, தனக்கு அதிகமாகிவிட்டது என்று அப்பாவின் இலையில் தள்ளிக்கொண்டிருந்தார். தின்ன முடியாததை எதற்கு வாங்குகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வண்டியிலேயே போய்ப் பழகிய மாமாவின் கால் இரண்டும் கொப்புளமாகிவிட்டன. மடத்துக்குளம் தாண்டி ஒரு புளியமரத்தடியில், உச்சி வெயிலுக்கு ஒதுங்கினோம். அம்மா அசந்து தூங்கிவிட்டாள். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தூங்குவதுபோலப் படுத்திருந்தேன். அப்பா மாமாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மாமா, "ஐயோ, மாலை போட்ட சாமி என் காலத் தொடறதா?" என்று இழுத்துப் பார்த்தார். அப்பா விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா சொன்னார்: "மச்சான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. இந்த மாலை நான் வேண்டிக்கிட்டுப் போட்டது இல்லீங்க."

மாமா மரத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "நானுந்தான் ஒண்ணு சொல்லோணுங்க மாப்ள. அன்னைக்கு நானும் மாலையப் பத்திக் கேக்குலீங்க."

அப்பா எண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. ஆனால் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கழுத்து மாலை ஆடிக்கொண்டே இருந்தது.

எனக்கு இரண்டு பேர் விரதத்திலும் ஏதோ குறை இருக்கிறது என்று மட்டும் விளங்கியது. அதனால்தான் மாமாவுக்குக் கொப்புளம் வந்திருக்கிறது என்று முடிவு செய்து, எனக்குள்ளேயே பயந்துகொண்டேன்.

பழனியில் படி ஏறி, கூட்டத்தில் நசுங்கி, எல்லாரும் சந்நிதிக்கு முன்னால் வந்தபோது அப்பா என்னைத் தூக்கிப் பிடித்தார். அம்மா என் காதருகே வந்து, "அப்பாவுக்காக நல்லா வேண்டிக்க அம்மணி. சின்னப் புள்ளைங்க கேட்டா சாமி குடுத்துருவாரு" என்றாள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வேண்டினேன். அப்பா விரதத்தில் என்ன தப்பு செய்திருந்தாலும் மன்னித்துவிட வேண்டும் என்று முதலில் கேட்டேன். பிறகு எனக்கு மிகவும் வேண்டியதைக் கேட்டேன்.

கீழே இறங்கும்போது, என்ன வேண்டினாய் என்று மாமா கேட்டார். சொன்னால் பலிக்காது என்று முதலில் பிகு செய்துவிட்டு, பெருமை தாங்காமல் சொல்லிவிட்டேன்: "அப்பா எப்பவுமே இப்படி ஊட்டுலயே இருக்கோணும்னு வேண்டிக்கிட்டனுங்க மாமா."

மாமா படியில் நின்றுவிட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாதான் சிரித்தார். என்னைத் தூக்கி, மொட்டையடித்த தலையை என் கன்னத்தில் உரசினார். சந்தனம் குளுகுளுவென்று ஒட்டியது. அவர் கண்ணில் நீர் இருந்தது. மொட்டையடித்தால் எரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை பிறந்த கையோடு அப்பாவுக்கு மலுமிச்சம்பட்டிப் பக்கம் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பொழுது விடியும் முன்பே டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவார். நான் தூங்கிய பிறகுதான் வருவார். வேன் திரும்ப வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறியும் வந்தது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் கண்மூடி நெடுநேரம் நிற்பாள். நான் மட்டும் முருகனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அத்தனை தூரம் நடந்துபோய்க் கேட்டதை, ஒரு சின்னப் பிள்ளை கேட்டதை, அவர் இப்படி ஏமாற்றியிருக்கக் கூடாது.