ஷூ லேஸ் காட்சிக்கு வந்த பதில்கள்

அக்கா வீட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டரைக்கு. ஓடிப்போகவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி நடந்துதான் போனாள். வயது இருபத்திரண்டு. ஊர் ஊராகப் போய்ச் சிரிப்பு நாடகம் போடும் ஒரு குழுவில் அவளுக்கு வேஷம் கிடைத்திருந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே திட்டினார். அவர் திட்டுவதே அப்படித்தான்: ஒரு முடிச்சுக்கு ஒரு வாக்கியம். கோபத்தில் லேஸ் நழுவிவிட்டால் திட்டையும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அன்று அது நழுவிக்கொண்டே இருந்தது. கட்டி முடித்து அவர் நிமிர்ந்தபோது, திட்டு வாங்க வேண்டியவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

அவளிடமிருந்து வந்த முதல் மூன்று கடிதங்களை அப்பா பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். நான்காவது வரவில்லை. பிறகு வீடும் மாறிவிட்டது.

தங்கைக்கு அப்போது பதினாலு வயது. இப்போது நாற்பத்தைந்து. ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில், நேயர் பிரிவில் வேலை. அலுவலகத்தில் அவளுக்குத் தபால் என்று பெயர். மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்த காலத்தில் வைத்தது; எல்லாம் மின்னஞ்சலாகிவிட்ட பிறகும் ஒட்டிக்கொண்டது. வருவதையெல்லாம் படித்து, பாராட்டு, வசவு, பிழை என்று பிரித்து, திங்கட்கிழமை இரண்டு பக்க அறிக்கை கொடுக்க வேண்டும்.

அந்த வருடம் வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஒரு நகைச்சுவைத் தொடர் ஓடியது. ஐம்பது வருடத்துக்கு முன்னால், மேடையில் தனியாக நின்று கூட்டத்தைச் சிரிக்கவைத்த ஒரு பெண்ணின் கதை. பழைய காலத்துக் கதை என்றாலே பிழைக் கட்டு வீங்கிவிடும். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் சுவரிலிருந்த ஸ்விட்சைப் பற்றி மட்டும் பதினோரு முறை எழுதினார்: "அப்பல்லாம் அது கறுப்பு, உருண்டை. வெள்ளை ஸ்விட்ச் போட்டு யாரை ஏமாத்தறீங்க?" இன்னொருவர், "பொம்பளை இப்படிக் கூச்சமில்லாம நின்னு பேசினா வீட்டுப் பிள்ளைங்க என்னத்தைக் கத்துக்கும்?" என்று பொரிந்தார். மறுவாரம் விளையாட்டுப் போட்டிக்காகத் தொடரை நிறுத்தியபோது முதல் புகார் அவரிடமிருந்துதான் வந்தது.

தொடரின் வசனகர்த்தா ஒருநாள் சரக்கு தீர்ந்துபோய் அவள் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"தபால், உங்க வீட்ல சிரிப்பு மூட்டற ஆள் யாராவது உண்டா?"

"எங்க வீட்லயா? அங்க யாராவது சிரிச்சா மழை கொட்டும் சார்."

என்றாலும் ஷூ லேஸைச் சொன்னாள். அப்பா வேலைக்குக் கிளம்பியதும் அக்கா அதை அப்படியே நடித்துக்காட்டுவாள். அந்த நடிப்பை முடிச்சு முடிச்சாக அவருக்கு விவரித்தாள். தபால் மனசுக்குள் போட்ட கணக்கு வேறு. எங்கேயாவது இருந்து இதைப் பார்த்தால் அக்காவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, ஒரு வரியாவது எழுதுவாள். அப்பாவுக்கு எண்பத்திரண்டு ஆகிவிட்டது. இன்னும் எத்தனை நாள்?

ஆறாவது பாகத்தில் அது வந்தது; கதாநாயகி மேடையில் லேஸ் கட்டிக்கொண்டே திட்டும் அப்பாவாக நடித்தாள். ஞாயிறு மதியம் மறு ஒளிபரப்பை அப்பா பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"யாருடா இந்த ஆளு, சரியான சிடுமூஞ்சியா இருக்கான்!"

"கண்ணாடியில பாருங்க, தெரியும்," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். விளம்பரம் வந்ததும் சொன்னார். "பெரியவ இதைவிட நல்லா செய்வா."

முப்பத்தோரு வருடத்தில் அவர் அவளைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"ஒருநாள் குடையை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். ஜன்னல்கிட்ட நின்னு முழுசாப் பார்த்துட்டுத்தான் போனேன்."

அந்தக் காட்சிக்கு நானூறு பேர் "அச்சு அசல் எங்க அப்பா" என்று எழுதினார்கள். பத்தொன்பது பேர் அது தங்கள் நகைச்சுவை, திருடிவிட்டீர்கள் என்றார்கள். திருட்டுப் புகார் செய்தவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. தபால் பத்தொன்பது பேரையும் தானே கூப்பிட்டாள். பதினேழாவதாக எடுத்தது ஒரு வயதான பெண் குரல்.

"அது நான் மேடையில பண்ணினது."

தபால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எந்த மேடையிலம்மா?"

"ஆபீஸ் ஆண்டு விழாவுல. எங்க மேனேஜர் செருப்பு மாட்டற மாதிரி."

"செருப்புக்கு ஏதும்மா லேஸ்?"

"வார்னு வச்சுக்கோயேன்! என் பேரைப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

தொடர் இருபத்தாறு வாரத்தில் முடிந்தது. அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால் அடுத்த தொடரின் வசவுகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். பழைய தொடரின் மின்னஞ்சல் முகவரியை மூடச் சொல்லி இரண்டு முறை உத்தரவு வந்தது. இரண்டு முறையும் மறந்துவிட்டதாகச் சொன்னாள்.

ஒன்றரை வருடம் கழித்து, தொடரை வேறு நாடுகளிலும் இணையத்தில் பார்க்க முடிந்த பிறகு, ஒரு புதன்கிழமை மதியம் அந்த முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. கீழே பெயர் இல்லை. தொலைபேசி எண் மட்டும் இருந்தது.

"ஆறாவது பாகம் பார்த்தேன். லேஸ் கட்டும்போது அந்தப் பொண்ணு கையை நடுங்க விடறா. தப்பு. அந்த மனுஷனுக்குக் கை நடுங்காது, இழுக்கற இழுப்புலதான் லேஸ் நழுவும். இதை உங்களுக்குச் சொன்னவ யாருன்னு எனக்குத் தெரியும். அவகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அவருக்கு இப்ப நடுங்குதா?"