மறுபாதி

ஐம்பதுகளில் பாலக்கரை மாதா கோவிலில் செபமாலை நடத்திய உபதேசியார் ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றமாட்டார். இயேசு கற்றுக்கொடுத்த பரலோக மந்திரத்தின் முதல் பாதியை அவர் சொல்ல, மறுபாதியை நாங்கள் சொல்லுவோம். வேறு யாரையும் தொடங்க விடமாட்டார். பிறர் செய்த தீங்கைப் பொறுக்கிறோம் என்ற வரி மறுபாதியில்தான் வருகிறது என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை.

அவருடைய தம்பி பொன்மலையில் சாகக் கிடந்தார். பாகப்பிரிவினைச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. இருவரையும் தெரிந்த நான் போய் உபதேசியாரைக் கூப்பிட்டேன்.

"செபம் சொல்ல வரேன். பேசச் சொல்லாதீங்க," என்றார்.

கட்டிலருகே அவர் செபமாலையை எடுப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டார். மூச்சு வாங்க வாங்க முதல் பாதியைச் சொல்லி முடித்து, அண்ணன் முகத்தையே பார்த்தார். மறுபாதியைச் சொல்ல நான் வாயெடுத்தேன். தம்பி கையை உயர்த்தித் தடுத்தார்.

"அண்ணன் சொல்லட்டுங்க."

கழுத்துப் பொத்தானுக்கு மேலே உபதேசியாரின் நரம்பு புடைத்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கணீரென்ற குரலில், முதல் பாதியையே மறுபடியும் ஆரம்பித்தார். முடித்துவிட்டு, மறுபாதிக்காக எங்களைப் பார்த்துக் காத்திருந்தார்.

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் சொல்லவில்லை.