சேராங்கொட்டை பொறுக்கியவள்

திருப்பூர் சலவைப்பட்டறைகளில் எந்தத் துணி எந்தக் கம்பெனியுடையது என்று தெரிவதற்காக ஓரத்தில் கறுப்பாக ஒரு குறி போடுவார்கள். எத்தனை காரம் போட்டு வெளுத்தாலும் அந்தக் குறி போகாது. அது சேராங்கொட்டையின் பால். மேலே பட்டால் தோல் வெந்து கொப்பளித்துவிடும். ஐம்பதுகளில் அந்தக் கொட்டையை ஊதியூர் மலைக்காட்டில் பொறுக்கியவள் பெரியாத்தாள். குறி போட்ட மகராசர்களுக்கு அவள் பேர்கூடத் தெரியாது.

புருஷன் நஞ்சப்பன் கிணற்று வேலையில் வெடி சிதறிச் செத்தபோது மகன் ஆத்தப்பன் கைக்குழந்தை. மலையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. காட்டிலிருந்து வந்ததும் புளி போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் பூசிக்கொண்டுதான் பிள்ளையைத் தொடுவாள். அவ்வளவு கருத்தானவள் ஒருநாள் முந்தானையை மறந்துவிட்டாள். காட்டில் கை துடைத்த முந்தானை. அதிலேயே பிள்ளையைப் போர்த்திப் பால் கொடுத்தாள். கன்னமும் காதும் கொப்பளித்து, கண் திறக்க முடியாமல் பிள்ளை கதறியது.

பெற்றவளே பிள்ளையை வேகவைத்துவிட்டாள் என்றது ஊர். அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தராவது அவள் வீட்டுக்கு ஒருவேளைக் கஞ்சி கொடுத்தார்களா என்றால் இல்லை. நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பக்கத்து வீட்டு சபுரா பீவிதான் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பெரியாத்தாளின் கொட்டையைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் பட்டறைகளில் விற்ற அப்துல் ரவூப்பின் மனைவி அவள். தன் மகள் ஜஹானாராவோடு சேர்த்து இவனுக்கும் பால் கொடுத்தாள். அவன் உண்டதும் உறங்கியதும் அங்கேதான். பெரியாத்தாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். கொட்டைக் காலம் முடிந்து கையிலிருந்த புண் ஆறினாலும் தன் கையை அவள் நம்பவில்லை. பிள்ளை தவழ்ந்து வந்தால் விலகினாள். நடக்கப் பழகி ஓடி வந்தபோது விரட்டினாள்.

நாலு வருஷம் போனது. அதற்குமேல் மனசு கேட்கவில்லை. மலையை விட்டுவிட்டு, காங்கேயத்தில் பஞ்சு மில் வேலைக்குச் சேர்ந்தாள். கை தெளிந்தது. ஒருநாள் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு மகனிடம் போனாள்.

"வா சாமி, அம்மாகிட்ட வா."

பையன் சபுராவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். "போ கண்ணு, அவங்கதான் உன்ற அம்மா" என்று சபுரா அவனை முன்னால் தள்ளிவிட்டாள். பெரியாத்தாள் தூக்கினாள். அவன் உடம்பை விறைத்துக்கொண்டு, சபுராவைப் பார்த்துக் கையை நீட்டி அழுதான்.

அவளும் சளைக்காமல் தினமும் போனாள். வரவர அவள் தலை தெரிந்தாலே பையன் அழ ஆரம்பித்தான். சபுராவும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். மற்ற எல்லாவற்றுக்கும் அவள் பேச்சைக் கேட்ட பிள்ளை இதற்கு மட்டும் கேட்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் மலையில் கொட்டை பழுத்தது. பெரியாத்தாள் மில்லுக்குப் போகாமல் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினாள். சபுரா ஓடிவந்து மறித்தாள்.

"ஏனுங்க அக்கா, மில்லு வேலைதான் நல்லா இருக்குதுங்களே. மறுபடியும் எதுக்குங்க அந்தக் கொட்டை?"

"கையில புண்ணு இருந்தா, அதனாலதான் அவனைத் தூக்கறதில்லைன்னு நெனச்சுக்குவேன் கண்ணு" என்றாள் பெரியாத்தாள்.