சோதிக்காமல் விழுங்காதவர்

குளிகையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார் பாஸ்கர். பிறகு நகத்தால் நெம்பி இரண்டாகப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளைப் புறங்கையில் தட்டி முகர்கிறார். பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரில் வினிகர். நேற்று வந்த டப்பாவிலிருந்து எடுத்த மாத்திரை ஒன்று அதில் ஊறிக்கொண்டிருக்கிறது. குறித்த நேரத்துக்குள் கரையாவிட்டால் டப்பாவே திரும்பிப் போய்விடும். மீன் எண்ணெய் என்றால் ஊசியால் குத்தி, ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார்.

"டெஸ்ட் பண்ணாம எதையும் உள்ள உடக்கூடாது கண்ணு" என்பார், திரும்பாமலே. சொல்வது சமையலறையில் நிற்கும் மனைவி வனஜாவிடம்.

வடக்கே, கராடி என்ற புறநகரில், ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவுக்குத் தலைவர் அவர். மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் இத்தனை வருஷமும் சோறு போட்டிருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். அப்பா ஐம்பத்து மூன்று வயதில், தோப்பில் மோட்டார் போடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. பாஸ்கருக்கு இப்போது ஐம்பத்தொன்று. "எங்கய்யன் ஒரு டெஸ்ட்டும் எடுத்துக்கல" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இரண்டு வருஷமாக அவருடைய இரவுச் சாப்பாடு சூரியன் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. சோளரொட்டி ஒன்று, முளைகட்டிய பயறு, வேகவைத்த கீரை. சர்க்கரை வீட்டில் உண்டு, அவர் நாக்கில் கிடையாது. ஆனால் சர்க்கரை நோயே இல்லாதவர் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்கிறார். அது ஆயுளை நீட்டும் என்று ஒரு டாக்டர் வீடியோவில் பேசியிருந்தார். இன்னொரு டாக்டர் வீடியோவிலேயே மருந்துச் சீட்டு எழுதிக்கொடுத்தார். இரண்டு பேரையும் பாஸ்கர் நம்பவில்லை. நம்பாமலே சாப்பிடுகிறார். நம்புவதற்குத்தான் வருஷத்துக்கு ஒரு முறை, சமயத்தில் இரண்டு முறை, இரத்தம் கொடுத்து உடல் வயதைக் கணக்கிட்டு வாங்குகிறார். பிறந்த தேதி சொல்வது ஒரு வயது, இரத்தம் சொல்வது ஒரு வயது. இரண்டாவதுதான் நிஜம் என்பது அவர் கட்சி.

இரத்தம் எடுக்க ஆள் வரும்போதெல்லாம் வனஜாவின் கையையும் நீட்டச் சொல்வார். என் மேல் அக்கறை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அக்கறை வேறு விதங்களிலும் வந்தது. ஞாயிறு காலையில் முனைக் கடையிலிருந்து நெய் ஜிலேபி வாங்கிவந்து, அட்டைப்பெட்டியைத் திறந்து, அவள் பக்கம் தள்ளிவைப்பார். எதிர்வீட்டு அகல்யா யோகா வகுப்புக்குக் கூப்பிட்டபோது, "இப்ப எதுக்கு அதெல்லாம்? நீ பாட்டுக்கு இரு" என்றார். டீயில் சர்க்கரையைக் குறைத்த அன்று அவரே எழுந்துபோய் ஒரு கரண்டி கொண்டுவந்து போட்டார்.

வனஜா விஷ்ராந்த்வாடியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறாள். கையெழுத்தில் பேனா எந்த வளைவில் தயங்கியது என்று தெரிந்த கண். கேட்காமல் ஒன்று மேலே மேலே வந்தால் எங்கேயோ இடிக்கிறது என்று பொருள். முதலில் அவளுக்கு வந்தது எல்லா மனைவிகளுக்கும் வரும் சந்தேகம்தான். அவர் தொலைபேசியை ஒரு வாரம் கவனித்தாள். கொழுப்பைப் பற்றியும் உறக்கத்தைப் பற்றியும் பேசுகிறவர்களைத் தவிர அதில் யாரும் இல்லை.

விஷயம் சாப்பாட்டு மேசையில் உடைந்தது. இரண்டாவது பரிசோதனையில் பாஸ்கருடைய உடல் வயது நான்கு வருஷம் இறங்கியிருந்தது. அந்தக் குஷியில் கூட வேலை பார்க்கும் ஷ்யாமை விருந்துக்கு அழைத்திருந்தார். சென்னைப் பையன், வாய் சும்மா இருக்காது. பாஸ்கர் கணினியில் வரைபடத்தைக் காட்டினார். நீலக் கோடு கீழே போனது, சிவப்புக் கோடு மேலே போனது.

"நீலம் நீங்க. சிவப்பு யாரு பாஸ்?"

பாஸ்கர் தண்ணீர் குடித்தார். ஷ்யாம் வனஜாவைப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"அண்ணி, நீங்கதான் கன்ட்ரோலா?"

"அப்படின்னா?"

"மருந்து ஒருத்தருக்குக் குடுத்தா, குடுக்காத ஆள் ஒருத்தர் வேணும்ல? ஒரே வீடு, ஒரே தண்ணி, ஒரே காத்து. இவரு மாறணும், நீங்க மாறக்கூடாது. அப்பதான் மாத்திரை வேலை செய்யுதான்னு தெரியும். பாஸ், செமயா பிளான் பண்ணிருக்கீங்க."

"ரசம் ஊத்தட்டுமா ஷ்யாம்?" என்றாள் வனஜா.

அவன் போன பிறகு அவள் சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது.

"இதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் போன ஞாயித்துக்கிழமையும் ஜிலேபி வாங்கியாந்தீங்களா?"

"பார்டர்தான் கண்ணு. இன்னும் தாண்டல."

"எங்கம்மாளுக்கும் பார்டர்னுதானுங்க சொன்னாங்க."

சர்க்கரையால் வனஜாவின் அம்மாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. கோவை ஆஸ்பத்திரியில் அதை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவரே பாஸ்கர்தான். அவர் கணினியை மூடினார். "பாதில மாத்தினா எல்லாம் வீணாப் போயிரும். கொஞ்சம் பொறுத்துக்க" என்றார்.

வனஜா சண்டை போடவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஜிலேபி நின்றிருக்கும். சொல்லி நிற்பது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சொல்லாமல் அவராக நிறுத்துகிறாரா என்று தெரிய வேண்டியிருந்தது. அவரே கற்றுக்கொடுத்ததுதானே: சோதிக்காமல் எதையும் உள்ளே விடக்கூடாது.

அடுத்த ஞாயிறும் பெட்டி வந்தது. அதற்கடுத்ததும். அவர் எதிரே ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வாள். அவர் குளிக்கப் போனதும் மிச்சம் கீழே காவலாளியிடம் போய்விடும். அந்த மனிதர் மூன்று வாரம் வாங்கிக்கொண்டு, நான்காவது வாரம் எந்தச் சாமிக்கு விரதம் என்று ஹிந்தியில் கேட்டார். பெரிய சாமி, கோபக்கார சாமி என்றாள். அவர் பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

விடியற்காலையில் பாஸ்கர் உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கிளம்பியதும் அவள் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு ஆற்றோரம் நடக்கப் போனாள். அவர் திரும்புவதற்குள் வந்து, முகம் கழுவி, நைட்டியோடு டீ போட்டுக்கொண்டிருப்பாள். மழைக்காலம் முழுவதும் நடந்தாள். வங்கியில் மாடிப்படி ஏறினாள். எல்லாம் கணவருக்குத் தெரியாமல்தான். கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

மூன்றாவது பரிசோதனையில் சிவப்புக் கோடு தலைகீழாக இறங்கிவிட்டது. நீலம் கொஞ்சம் ஏறியிருந்தது.

பாஸ்கர் முதலில் ஆய்வகத்தைச் சந்தேகித்தார். இரத்தம் மாறிப்போயிருக்கும் என்று தொலைபேசியில் சண்டை பிடித்தார். பிறகு மாத்திரைகளைச் சந்தேகித்தார். தம்ளர்கள் ஜன்னலோரம் வரிசையாக நின்றன, வீடு முழுக்க வினிகர் வாடை. பிறகு கூரியர் வண்டியில் மாத்திரை மேல் பட்ட வெயிலை. எல்லாம் முடிந்து ஒரு மாலை, பயறை மென்றபடியே, அவளைப் பார்த்தார். நிரலில் ஓட்டை எங்கே என்று தேடும் பார்வை.

"நீ எதையாச்சும் மாத்தினியா?"

"நான் என்னத்தங்க மாத்தறது? ஜிலேபி வருது, திங்கறேன்."

"இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பாத்தறலாம். அதுவரைக்கும் அப்படியே இரு."

அப்படியே இருப்பதாகச் சொன்னாள்.

அந்த ஞாயிறு, பெட்டியோடு வந்தவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார். குனிந்தபடியே நின்றார். செருப்பு அலமாரியின் அடித்தட்டில் அவளுடைய ஷூ இருந்தது. வாங்கிய புதிதில் இரண்டு நாள் போட்டுவிட்டு அவள் கைவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்த ஷூ. எடுத்துத் திருப்பினார். குதிகால் பக்கம் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வரிகள் அழிந்து வழுவழுவென்று இருந்தது. இடுக்கில் ஆற்றோரத்துக் கறுப்பு மண். அதை நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் பார்த்தார்.

சமையலறை வாசலில் நின்று வனஜா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் என்ன செய்யப்போகிறார் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். நடப்பதை நிறுத்து, முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்று சொல்லக்கூடியவர்தான்.

அவர் ஷூவை இருந்த இடத்தில், இருந்த கோணத்திலேயே வைத்தார். கை கழுவினார். மேசைக்கு வந்து எதிரே உட்கார்ந்து, எல்லா ஞாயிறும் போலப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். நெய்வாசம் எழுந்தது.

"சாப்பிடு கண்ணு" என்றார். குரலில் ஒன்றும் இல்லை.

"கொடுங்க" என்று அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள்.

பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுமுனையில் அவருடைய விரல்கள் இருந்தன. முகத்தை வேறு பக்கம், ஜன்னலோரத் தம்ளர்களின் பக்கம் திருப்பி வைத்திருந்தார். இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்துப் பார்த்தாள். அட்டை வளைந்தது. விரல்கள் விடவில்லை.