கடலுக்கு மடை எங்கன இருக்கு?

வண்ணார்பேட்டையில் அம்பாசமுத்திரம் பேருந்துக்காக நின்றபோது அந்த அழைப்பு வந்தது. எங்கள் பள்ளிச் சத்துணவு அமைப்பாளர் பேசினார். "சார், ஜெபமணி டீச்சர் போயிட்டாவ. காலையில நெஞ்சு வலின்னிருக்காவ, ஆஸ்பத்திரி போற வழியிலயே..." பேருந்து வந்தது, போனது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

டீச்சரை அறிந்தவர்களுக்கு அவருடைய மூன்றாம் வகுப்பும் தெரிந்திருக்கும். ஐந்து வரிசைகளுக்கும் ஐந்து பெருங்கடல்களின் பெயர். "ஏ பசிபிக்கு, அங்கன என்ன சத்தம்?" என்று அவர் அதட்டுவது தலைமையாசிரியரான என் அறைவரை கேட்கும்.

ஒருநாள் கடல் பாடம் முடிந்ததும் இசக்கியம்மாள் எழுந்தாள். "டீச்சர், கடலுக்கு மடை எங்கன இருக்கு? யாரு தெறந்து விடுவா?" வயற்காட்டுப் பிள்ளை, தேங்கிய தண்ணீர் என்றால் அவளுக்குக் குளம்தான்; குளம் என்றால் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட ஒரு மடை இருக்கும். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே சந்தேகம். "படத்தைக் காட்டிப் பாடத்தை முடிச்சிட்டேன்னு நெனச்சேன் சார்" என்று டீச்சர் என்னிடம் வருத்தப்பட்டார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், எங்கள் ஆறு கடலில் சேரும் புன்னக்காயலுக்குப் போய், ஒரு பாட்டிலில் கடல்நீர் பிடித்து வந்தார். பிள்ளைகளின் நாக்கில் ஆளுக்கு ஒரு சொட்டு வைக்கத்தான். மறுநாள் வெயிலில் வந்த நான் அவர் மேசையிலிருந்த அதைக் குடிதண்ணீர் என்று நினைத்து மடமடவென்று குடித்துவிட்டு, குமட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். "இந்தியப் பெருங்கடலையே குடிச்சிட்டீயளே சார்! பிள்ளையளுக்கு மிச்சம் இருக்கா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "ஒருநா அதுவளையே கூட்டிட்டுப் போவோம் சார். நம்ம ஆத்துத் தண்ணி கடல்ல சேருத இடத்தைப் பார்க்கட்டும்."

அனுமதி கேட்டுக் கடிதமும் எழுதித் தந்தார். நான் பயந்தாங்கொள்ளி. அத்தனை பிள்ளைகள், அலை, ஆழம் என்று யோசித்து, "அடுத்த வருசம் பார்ப்போம்" என்றேன். அடுத்த வருடமும் அதையேதான் சொன்னேன். "கடல் எங்கயும் போயிராது சார். பிள்ளையதான் அஞ்சாங்கிளாசோட போயிருதுவ" என்றார். அவரே முதலில் போய்விடுவார் என்று யார் கண்டது?

பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினேன். அம்மாவின் கையைப் பிடித்தபடி இசக்கியம்மாள் நின்றாள். இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. "சார், கடலுக்கு மடையே கிடையாதுன்னு டீச்சர் சொன்னாவ. நேர்ல காட்டுதேன்னும் சொன்னாவ" என்றாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

டீச்சர், உங்களுடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கடிதம் ஒன்றுதான். "தேதிய நீங்களே போட்டுக்கிடுங்க சார்" என்று இடம் விட்டிருந்தீர்கள். இன்று தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். வருகிற சனிக்கிழமை பிள்ளைகள் புன்னக்காயல் போகிறார்கள். பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. அதை அடிக்க மனம் வரவில்லை. அதன் கீழே என் பெயரை எழுதிக்கொண்டேன்.