இரைச்சல் குறைந்த தேதிகள்

இன்று காலை சால்டரிங் அயனைச் சூடாக்கினேன். ஈயத்தோடு எரியும் பிசினின் மணம் மூக்கில் ஏறியதும், வேலைக்குச் சேர்ந்த வருடம் வில்லியனூரில் பானை வாங்கப் போனது நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள். அப்போது ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்யப் பலகை வாங்க வசதியில்லை; மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைப்போம். ஒவ்வொரு பானையாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பானை விற்ற அம்மா பொறுத்துப் பார்த்தார். “இன்னாபா, ஒல வெக்கவா, கச்சேரி வெக்கவா?”

நானே பற்றவைத்த முதல் ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக்கு முன்னால் ஓர் இரைச்சல்தான் வந்தது. கரும்புத் தோகையில் தூறல் விழுவது போன்ற சத்தம். அதைத் தொலைப்பதே என் பாதி ஆயுளின் வேலையாகிவிட்டது. கூட்டாளிகள் மனை வாங்கினார்கள். நான் கபாசிட்டர் வாங்கினேன். எதையும் தேதி போட்டு எழுதுகிற வியாதி வேறு எனக்கு உண்டு. நோட்டில் எல்லாம் இருக்கிறது: ‘டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைத்தேன். இரைச்சல் சற்றுக் குறைவு.’ ‘ஒயர் மாற்றினேன். இன்னும் குறைவு.’ நான்கு மழைக்காலத்துக்கு முன் ஒருநாள், சிவப்பு மையில்: ‘அறவே இல்லை.’ அன்று நெட்டப்பாக்கத்திலிருந்து நண்பன் கதிர்வேலுவை வரவழைத்து விருந்து வைத்தேன். வெகுநேரம் கேட்டுவிட்டு அவன் மீன் குழம்பை மட்டும் பாராட்டினான்.

போன மாதம் இடப்பக்கப் பெட்டி மங்கலாகக் கேட்டது. கபாசிட்டரை மாற்றினேன், சின்ன ஸ்பீக்கரை மாற்றினேன். ஆம்ப்ளிஃபயர் கட்டும் எங்கள் கூட்டத்தில் பழுது பிடிக்க ஒரு வழி உண்டு: இடதை வலதாக்கு, பழுது எதோடு போகிறதோ அதுதான் குற்றவாளி. ஒயர்களை மாற்றினேன், பெட்டிகளையே இடம் மாற்றினேன். அப்போதும் இடப்பக்கம்தான் மங்கல். மிச்சமிருந்தது நாற்காலி. அதைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அதுவரை நன்றாகக் கேட்ட பெட்டி மங்கியது. பழுது என்னோடு திரும்பியிருந்தது.

பாட்டில்லாமல் வால்யூமை ஏற்றிவிட்டு மனைவி செல்வியைக் கூப்பிட்டேன். ஏதாவது கேட்கிறதா என்றேன்.

“எரையுதே. நான் வந்த நாள்லேர்ந்து எரையுது. நின்னுபோச்சின்னு ஆசயா சொன்னியே, அதான் வுட்டுட்டேன்.”

இடது காது நரம்பு ஏறக்குறைய போய்விட்டது, வலதும் போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். நான் வெற்றி என்று எழுதிவைத்த தேதிகளில் எத்தனை என் காது போன தேதிகளோ, தெரியவில்லை.

அன்றிலிருந்து நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டுகிறேன். ஒவ்வொரு தேதியிலும் சேர்த்ததைக் கழற்றிவிட்டு, எடுத்த பழையதைத் திரும்பப் பற்றவைக்கிறேன். அந்தத் தூறலை வலது காதிலாவது ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

இன்று முதல் பக்கத்துக்கு வந்துவிட்டேன். கடைசி ஒயரைப் பற்றவைத்து, பாட்டில்லாமல் வால்யூமை முழுக்கத் திருப்பினேன். செல்வி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

எனக்கு இன்னும் தூறவில்லை.